தோள் வில்லை

இருபது வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். அது பொய்க் கதை. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொய்யிலும் இரண்டு ஜாதி உண்டு. படிக்கிறவனும் எழுதுகிறவனும் தெரிந்தே சம்மதித்துச் சொல்லிக் கொள்ளும் பொய் ஒன்று. எழுதுகிறவனே உண்மை என்று நம்பி, பிறரையும் நம்ப வைத்துவிடும் பொய் இன்னொன்று. என் கதை இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது.

கதாநாயகன் என் தாத்தா. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாக் காடுகளில் அலைந்துவிட்டு, ஊர் திரும்பி, ஒன்றுமே பேசாமல் ஏர் பிடித்து வாழ்ந்து முடிந்த ஒரு சிப்பாய். அவருடைய சட்டைக் கையில் பாயும் புலிச் சின்னம் ஒன்றையும் தைத்துவிட்டிருந்தேன். கதை நன்றாக ஓடியது. பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. அத்தோடு போயிருந்தால் பாதகமில்லை. எங்கள் தாமல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சுதந்தர தினத்துக்கு ஒரு கல் நாட்டி, அதில் 'நேதாஜி படை வீரர்' என்று தாத்தாவின் பெயரைப் பொறிக்கப் போவதாகவும், வாசகத்தை நானே எழுதித் தர வேண்டும் என்றும் சென்ற வருஷம் சேதி வந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காகிதத்தில் எழுதுவது வேறு. கல்லில் எழுதுவது வேறு அல்லவா?

தாமல், காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது. பெரிய ஏரியும் வராகீஸ்வரர் கோயிலும் உள்ள ஊர். பட்டாளங்கள் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. இதே காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்திலும் யுத்தம் நடந்தது. 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்ததும் அங்கேதான். ஆகவே 'தாத்தா யுத்தத்துக்குப் போனார்' என்பது எங்கள் பக்கத்தில் அதிசயமான வாக்கியமல்ல. எந்தப் படையில், யாருக்காகப் போனார் என்பதுதான் விஷயம்.

தாத்தா 1961-ல் காலமானார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. அதில் நாலைந்து பத்திரங்கள், ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சிவப்புத் துணித் துண்டு. பட்டாளத்துக் காகிதம் ஒன்றுகூட இல்லை. 80 வயதைத் தாண்டிவிட்ட என் அத்தை அந்தப் பெட்டியைச் சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறாள். சிறுவனாக இருந்தபோது நான் அந்தத் துணியைப் பார்த்திருக்கிறேன். சிவப்பின் மேல் மஞ்சள் நூலில் ஏதோ ஒரு உருவம் பாய்ந்து கொண்டிருந்தது. "புலி" என்றார் அப்பா. நானும் புலி என்றே பார்த்தேன். தலை தெரிந்தது; வால்கூடத் தெரிந்தது. நம்பிக்கை என்பது அவ்வளவு நல்ல மூக்குக் கண்ணாடி!

இந்தத் தடவை அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். புலி இல்லை. ஒரு கை, அந்தக் கையில் ஒரு குத்துவாள். நான் தலை என்று எண்ணியது முஷ்டி. வால் என்று எண்ணியது வாளின் அலகு.

இந்தச் சின்னங்களுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? கலெக்டர் கச்சேரிச் சேவகர்கள் மார்பில் அணிந்ததை வில்லை என்று சொல்வார்கள். இது துணியில் செய்த வில்லை. 'துணிவில்லை' என்று சேர்த்து எழுதலாமென்றால், தைரியமில்லை என்று பொருளாகி, பட்டாளத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்துவிடுவார்கள்! ஆகையால் தோள் வில்லை என்றே வைத்துக் கொள்வோம்.

பெயர் புதிதானாலும் வழக்கம் நமக்குப் பழையது. சேரன் படை பனம்பூவையும், பாண்டியன் படை வேப்பம்பூவையும், சோழன் படை ஆத்திப்பூவையும் சூடிக் கொண்டு போருக்குப் போனதைத் தமிழ் இலக்கண நூல்களே சொல்கின்றன. புழுதி கிளம்பிய களத்தில் நம்மவன் யார், மாற்றான் யார் என்று தெரிய வேண்டாமா? அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், 1862-ல், கீர்னி என்ற தளபதி வழியில் நின்ற சில அதிகாரிகளைக் கண்டபடி வைதாராம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "நாங்கள் உங்கள் படை இல்லையே!" என்றார்களாம். அதன் பிறகு கீர்னி தம் அதிகாரிகளைத் தொப்பியில் ஒரு சிவப்புத் துணித் துண்டு அணியச் சொன்னார் என்று கதை. அந்நாட்டில் சட்டைக் கையில் தைக்கும் வில்லை 1918-ல், 81-வது டிவிஷனின் காட்டுப்பூனையோடு வந்து சேர்ந்தது.

பிரிட்டிஷ் ராணுவத்தில் 1916-ஐ ஒட்டி இது பரவியதற்கு வேறொரு காரணம் உண்டு. வண்டியின் மேல் டிவிஷனின் பெயரையும் எண்ணையும் எழுதினால் எதிரியின் ஒற்றன் படித்துவிடுவான். ஆகவே எழுத்தே இல்லாமல் ஒரு படத்தைப் போட்டார்கள். படம் நம்மவனுக்குப் புரியும். மற்றவனுக்கு வெறும் பூனை, வெறும் அம்பு. எண்பது வருஷங்களுக்குப் பிறகு அதைக் கையில் வைத்துக் கொண்டு நாம் விழிப்பதும் அதனால்தான். தெரியக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட அடையாளம் அது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய டிவிஷன் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு படம் இருந்தது. நாலாவதற்குச் சிவப்புக் கழுகு. ஐந்தாவதற்கு நெருப்புப் பந்து. ஏழாவதற்குத் தங்க அம்பு. 23-வதற்குச் சண்டைச் சேவல். 1942-ல் பெங்களூரில் உருவான 25-வதற்குச் சீட்டுக்கட்டின் இஸ்பேட் ஆசு. 17-வது டிவிஷன் முதலில் மின்னல் கீற்றை அணிந்திருந்தது. 1942-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய பிறகு அதை மாற்றிக் கறுப்புப் பூனையாக்கிக் கொண்டது. ஆக, ஒரே டிவிஷனின் இரண்டு வில்லைகளை வைத்தே எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு மேலே இருந்த பதினாலாவது ராணுவத்தின் வில்லையைத் தளபதி ஸ்லிம்மே வரைந்தார். சிவப்பும் கறுப்புமான கேடயத்தில் ஒரு வாள், முனை கீழே பார்க்க நிற்கும். வாள்முனை மேலே பார்ப்பதுதான் முத்திரைச் சாஸ்திரம். ஆனால் பர்மாவை வடக்கேயிருந்து தெற்கே இறங்கித்தான் மீட்க வேண்டியிருக்கும் என்று எண்ணி, அவர் வாளைத் தலைகீழாக்கினார்.

சிவப்பின் மேல் மஞ்சள் கை பிடித்த குத்துவாள், 19-வது இந்திய டிவிஷனுடையது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1941 அக்டோபரில் சிகந்தராபாத்தில் உருவான டிவிஷன் அது. ஜப்பானியர் நம் கரையில் இறங்கப் போகிறார்கள் என்று நடுங்கிக் கொண்டிருந்த 1942-ல் தென்னிந்தியாவைக் காக்க நிறுத்தியிருந்த படைகளில் அதுவும் ஒன்று. பிறகு 1944 கடைசியில் பர்மாவுக்குள் புகுந்து, 1945 ஜனவரியில் ஐராவதி நதியைக் கடந்து, மார்ச்சில் மாந்தலேயைப் பிடித்தது. அதன் தளபதி ரீஸ் என்ற குள்ளமான மனிதர். பிரிட்டிஷ் இந்திய ராணுவம், நேதாஜியின் படையல்ல. நேதாஜியின் படை எந்தப் பக்கம் நின்றதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம்!

நான் என் கதையில் வைத்த பாயும் புலிக்கும் ஒரு வீடு உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியர்களைக் கொண்டு ஜெர்மனியில் திரட்டிய படையினர், மூவர்ணக் கேடயத்தில் புலி பாய, மேலே ஜெர்மன் மொழியில் 'சுதந்திர இந்தியா' என்று எழுதிய வில்லையை அணிந்தார்கள். தாமல் தாத்தாவின் தோளில் அது வந்து உட்கார நியாயமே இல்லை.

படத்தைக் கண்டுபிடித்தாயிற்று, கல்லை நிறுத்திவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்திலும் 19-வது டிவிஷன் உண்டு. காஷ்மீரத்தில் பாரமுல்லாவில் இருப்பது. அதற்கும் குத்துவாள் டிவிஷன் என்றே பெயர். அப்படியானால் இந்த வில்லை 1945-ஐச் சேர்ந்ததா, 1965-ஐச் சேர்ந்ததா? அல்லது பழம்பொருள் வாங்குகிறவர்களுக்காக அண்மையில் எங்கேயோ புதிதாகச் செய்ததா? கிரீடம் இருந்தால் காலத்தைச் சொல்லிவிடலாம். 1901-க்கு முன் விக்டோரியா ராணியின் கிரீடம் ஒரு மாதிரி. அதன் பிறகு அரசர்கள் காலத்துக் கிரீடம் வேறு மாதிரி. 1950-ல் குடியரசானதும் நமக்குக் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. ஆனால் இந்தத் துணியில் கிரீடமும் இல்லை, சிங்கமும் இல்லை. ஒரு கை மட்டுமே இருக்கிறது.

படம் வாயை மூடிக் கொண்டபோது துணியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் நண்பர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் வில்லையை வாங்கியதும் படத்தைப் பார்க்கவே இல்லை. உடனே திருப்பிப் பிடித்தார்.

"சார், புடவை வாங்கறவங்க முன்பக்கம் பாப்பாங்க. நெய்யறவன் பின்பக்கம்தான் பாப்பான். முன்பக்கம் நாம சொல்றது. பின்பக்கம் தறி சொல்றது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு முழுக் கதையை முன்பக்கம் பார்த்தே எழுதியவன் அல்லவா?

பின்பக்கம் என்ன சொல்லிற்று? சிவப்பு, கம்பளித் துணி. அடியில் முரட்டுப் பருத்தி. மஞ்சள், சங்கிலித் தையல், கைவேலை. தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் போகிறது. நூல் முடிச்சுகள் அப்படியப்படியே நிற்கின்றன. யுத்த காலத்தில் இங்கிலாந்தில் சிக்கனத்துக்காக வில்லைகளைப் பருத்தித் துணியில் அச்சடித்தே கொடுத்தார்கள். அச்சடித்தால் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். இந்தியாவில் கடைத்தெருவில் உட்கார்ந்த தையற்காரர்கள் கையால் செய்து கொடுத்தார்கள். இரண்டு வில்லை ஒன்றுபோல் இராது. நம் ஊர் வில்லையில் இன்னொரு விசேஷமும் உண்டு. வெயில் நாட்டில் சட்டை அடிக்கடி வெளுக்கப் போகும். வெள்ளாவியிலும் துறைக்கல்லிலும் சாயம் நிற்குமா? ஆகையால் பல வில்லைகளைத் தைத்துவிடாமல், அழுத்து பொத்தானோ கொக்கியோ வைத்து, வெளுக்கப் போடும்போது கழற்றிக் கொள்ளும்படி செய்தார்கள். ராணுவத் தலைமையகம் போட்ட திட்டத்தை நம் சலவைக்காரர் திருத்திவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்! தாத்தாவின் வில்லையில் பொத்தான் இல்லை. ஆனால் ஓரத்தைச் சுற்றி ஊசித் துளைகள் இருந்தன.

நண்பர் ஒரு மஞ்சள் நூலையும், விளிம்பில் பிரிந்து நின்ற ஒரு சிவப்பு இழையையும் மெதுவாக உருவினார். தீக்குச்சி கிழித்தார். மஞ்சள், காகிதம் போல் எரிந்து சாம்பலாயிற்று, பருத்தி. சிவப்பு, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு, தொட்டதும் பொடியாயிற்று, கம்பளி. நைலானாக இருந்தால் உருகி ஒரு மணியாகத் திரண்டு நின்றிருக்கும். அப்படித் திரண்டால் அது யுத்த காலத்துக் கடைத்தெரு வேலையல்ல என்று எழுதி வைத்துவிடலாம். ஓரத்தைத் தடித்த நூலால் இயந்திரத்தில் கட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்த மாதிரி ஓரம் 1960-களுக்குப் பிறகே எங்கும் பரவியது. இதில் அதுவும் இல்லை.

அடுத்தது ஊதா விளக்கு. ரூபாய் நோட்டு நல்லதா கள்ளதா என்று பார்க்க மளிகைக் கடையில் வைத்திருக்கிறார்களே, அதேதான். துணியையும் நூலையும் பளீரென்று காட்டுவதற்காகச் சேர்க்கும் வெண்மை ரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஒளி விடும். இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகே அந்த ரசாயனம் பரவலாக வழக்கத்துக்கு வந்தது. ஆகவே ஒளி விட்டால் புதுச்சரக்கு என்பது வில்லை சேர்ப்பவர்களின் பால பாடம். தாமல் கடைக்காரர் விளக்கின் கீழ் வைத்தோம். வில்லையின் பின்பக்கப் பருத்தி நிலாப் போல ஜொலித்தது!

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று ஒப்புக் கொள்கிறேன். வில்லையே போலி என்றால் தாத்தாவை மீண்டும் நேதாஜி படையில் சேர்த்துவிடலாம் அல்லவா? துணியை எடுத்துக் கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

"ஏன் அத்தை, இதை எப்பவாவது துவைச்சீங்களா?"

"துவைக்காம? வருஷா வருஷம் போகிக்கு சோப்புத்தூள்ல ஊற வெச்சுதான் எடுத்து வைப்பேன். நைனா சாமான் அழுக்கா கெடக்கலாமா?" என்றாள் அத்தை, கோபத்தோடு.

சோப்புத்தூளில் இருக்கும் ரசாயனம்தான் ஜொலித்திருக்கிறது! விளக்கு பொய் சொல்லவில்லை. அது போகிப் பண்டிகையைப் பற்றிச் சொன்னது. நான் யுத்தத்தைப் பற்றியதாக எடுத்துக் கொண்டேன். மடிப்புக்குள்ளே, இரண்டு துணிகளும் ஒட்டியிருந்த இடத்திலிருந்து ஓர் இழையை எடுத்து மறுபடி காட்டினோம். அது இருளில் இருளாகவே இருந்தது. மஞ்சள் தையலைச் சற்று ஒதுக்கிப் பார்த்ததில், அதன் அடியிலிருந்த சிவப்பு மாதுளை முத்து மாதிரி இருந்தது. வெளியே தெரிந்த சிவப்போ செங்கல் நிறம். தைத்த பிறகு, வெகு காலம் வெயிலைக் கண்டு மங்கிய துணி அது. ஊசித் துளைகள் இரண்டு வரிசை. ஒரு சட்டையிலிருந்து பிரித்து இன்னொரு சட்டையில் தைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கிப் பெட்டியில் போட்ட சரக்கு அல்ல. யாரோ ஒருவர் அதை அணிந்து வெயிலில் நடந்திருக்கிறார்.

யாரோ ஒருவர். வில்லை அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது. எங்கே செய்தது, ஏறக்குறைய எப்போது செய்தது, எந்தப் படைக்காகச் செய்தது, அணிந்ததா அணியாததா என்பதோடு அதன் சாட்சியம் முடிந்தது. எந்தத் தோள் என்று அது சொல்வதில்லை. 1942-லிருந்து தென்னாட்டில் அந்த டிவிஷன் தங்கியிருந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருவழியில் எங்கள் ஊர் இருக்கிறது. லாரியிலிருந்து விழுந்ததைக்கூட ஒரு பையன் பொறுக்கியிருக்கலாம். வில்லையைப் பார்த்தவுடன் ஒரு வீரனின் சரித்திரத்தையே எழுதிவிடும் ஆசை எழுத்தாளனுக்கு மட்டுமல்ல, சரித்திரக்காரனுக்கும் வரும். அங்கேதான் கையைக் கட்டிக் கொள்ள வேண்டும்.

மிச்சத்தை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். அத்தையின் எதிரில் உட்கார்ந்து, தெரிந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். தாத்தா எந்த வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார் என்றேன்.

"வருஷமெல்லாம் எனக்கென்ன தெரியும்? பட்டணத்து ஜனங்க மூட்டை முடிச்சோட நம்ம ரோட்டு வழியா வந்தாங்களாமே, அந்த வருஷம். எனக்குப் பாலூட்டின காலத்துல அம்மா சொல்லிச் சொல்லி அழுவாளாம்."

சென்னைப் பட்டணம் காலியானது 1942 ஏப்ரல். சிங்கப்பூர் விழுந்தது அதற்கு முன்பே, பிப்ரவரியில். நேதாஜியின் படையில் சேர்ந்த சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சிறைப்பட்டவர்கள். சிங்கப்பூர் விழுந்த பிறகு தாமலில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அங்கே சிறைப்பட்டிருக்க முடியாது.

"பர்மாவைப் பத்தி ஏதாவது சொல்வாரா?"

"பேசவே மாட்டாரு. ஒரே ஒரு தரம், ஏரி நெறஞ்சு கடவாசல் போன வருஷம், கரையில நின்னுக்கிட்டு, 'மாந்தலேல ஒரு கோட்டை, சுத்திலும் அகழி, இப்படித்தான் தண்ணி நிக்கும்'னாரு. அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு."

மாந்தலே அரண்மனைக் கோட்டைக்கு நாலு பக்கமும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள சிவந்த மதில். சுற்றிலும் அகன்ற அகழி. 1945 மார்ச்சில் 19-வது டிவிஷன் அந்த அகழிக்கு வெளியே நின்றது. விமானங்களும் பீரங்கிகளும் மதிலை இடித்தன. மார்ச் 20-ம் தேதி படை உள்ளே போனபோது, மரத்தால் கட்டிய அரண்மனை எரிந்து கிடந்தது.

நான் அத்தையிடம் உள்ளதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"தியாகிங்களுக்குப் பென்ஷன் குடுக்கறாங்கன்னு வந்துதே, அப்ப உங்க அப்பன் மனு எழுதிக்கிட்டு வந்தான். அம்மா கையெழுத்து வெக்கமாட்டேன்னுட்டா. 'அதுக்குக் காசு வாங்கினா அவரு என்னை மன்னிக்கமாட்டாரு'ன்னா. தேசத்துக்குச் செஞ்சதுக்குக் கூலியான்னு கேக்கறாளேன்னு நாங்கல்லாம் பெருமைப்பட்டோம்."

மத்திய அரசு அந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தது 1972-ல். நேதாஜி படையினரும் அதில் சேர்த்தி. பாட்டி சொன்ன அதே வாக்கியத்தை ஐம்பது வருஷமாக எங்கள் குடும்பம் முன்பக்கமாகவே பார்த்திருக்கிறது. பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது! யாரையும் காட்டிக் கொடுக்காமல், பொய்யிலும் கையெழுத்துப் போடாமல், நடுவில் நின்று சமாளித்திருக்கிறாள். படித்து, பாஸ் செய்து, புத்தகங்கள் எழுதிய பேரனுக்கு அந்த ஜாக்கிரதை இல்லாமல் போயிற்று.

தாத்தா ஏன் சொல்லவில்லை? 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் நேதாஜி படை அதிகாரிகள் மேல் விசாரணை தொடங்கியது. தேசமே அவர்கள் பக்கம் கொதித்து எழுந்தது. 1946-ல் ஊர் திரும்பிய சிப்பாயை, "பர்மாவுக்குப் போனாயா, அப்படியானால் நேதாஜி படைதானே?" என்று ஊர் கேட்டிருக்கும். தலையாட்டவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். வாயை மூடிக் கொண்டால் போதும். 1939-ல் இரண்டு லட்சம் பேர்போல் இருந்த இந்திய ராணுவம் 1945-ல் 25 லட்சமாக ஊதியது. அத்தனை பேரும் வெள்ளைக்கார ராஜாவின் மேலிருந்த பக்தியாலா சேர்ந்தார்கள்? மாதம் தவறாத மணியார்டருக்காகச் சேர்ந்தவர்களே மிகுதி. ஜப்பானியரைப் பர்மாவிலிருந்து விரட்டியவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். ஆனால் அவர்கள் ஊர் திரும்பியபோது நாடு வேறொரு வீரனை வரவேற்கக் காத்துக் கொண்டிருந்தது. அவன் வரவேண்டிய தெருவில் இவர்கள் பேசாமல் நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார்கள்.

அத்தை கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அப்ப நைனா நம்ம ஆளுங்களையேவா சுட்டாரு?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரையில், நியாங்கூ என்ற இடத்தில் நேதாஜியின் நேரு படைப்பிரிவு நின்றது. எதிரே நதியைக் கடந்து வந்தவர்கள் தங்க அம்பு அணிந்த 7-வது டிவிஷன். குத்துவாள் டிவிஷன் அங்கிருந்து வெகு வடக்கே ஜப்பானியரோடு போராடிக் கொண்டிருந்தது. இதைச் சொன்னேன். அத்தையின் முகம் சற்றுத் தெளிந்தது. 'ஆகவே சுடவே இல்லை' என்ற வாக்கியம் என் வாய் வரை வந்தது. கிழவிக்கு ஓர் ஆறுதல், எனக்கும் ஒரு நல்ல முடிவு. ஆனால் ஒரு டிவிஷன் எங்கே நின்றது என்பது வேறு. ஒரு மனிதன் என்ன செய்தான் என்பது வேறு. அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். "துணி அதைச் சொல்லலை அத்தை" என்றேன்.

எங்கள் சீமையைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். முதல் கல்வெட்டு 919-ல். இரண்டே வருஷத்தில், 921-ல், அந்த விதிகளைத் திருத்தி இன்னொரு கல்வெட்டு வெட்டினார்கள். அதிகம் பேர் கவனிக்காத விஷயம் இது. கல்லில் எழுதிவிட்டோமே, இனி எப்படி மாற்றுவது என்று அவர்கள் வெட்கப்படவில்லை. பத்திரிகையில் எழுதியதைத் திருத்த நான் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

கல்லுக்கு வாசகம் எழுதினேன். தாத்தாவின் பெயர், '1942-ல் பட்டாளம் சென்று 1946-ல் ஊர் திரும்பியவர்.' அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தார், "இன்னும் கொஞ்சம் காரமாக எழுதக் கூடாதா?" என்று கேட்டார்கள். காரம் வேண்டுமானால் என் பழைய கதையில் இருக்கிறது. அந்தக் கதையை இனி எந்தத் தொகுப்பிலும் சேர்ப்பதாக இல்லை.

வில்லையை அத்தையிடம் திருப்பிக் கொடுத்தபோது, அவள் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க நூல் பிரிஞ்சிருக்கே?" என்றாள். பரீட்சைக்காக உருவினோம் என்று ஒப்புக் கொண்டேன். "எங்க அந்த நூலு?" என்றாள். இரண்டை எரித்துவிட்டோம் என்றேன். மடிப்புக்குள்ளிருந்து எடுத்த மூன்றாவது இழையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

"அதையாவது குடு" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். அதை வில்லையோடு வைத்து, பெட்டியைப் பூட்டிக் கொண்டாள்.